பாதித் தேற்றம்

மதுரைக்கு வெளியே நான்குவழிச் சாலையை ஒட்டிய ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் மின்சுற்றியல் நடத்தும் ஆசிரியன் நான். அங்கே வருடக்கணக்காக ஒரு தேற்றத்தைப் பாதி மட்டும் சொல்லிக்கொடுத்து வந்தேன். மறுபாதி எனக்குத் தெரியும். பரீட்சையில் வராது என்பதால் விட்டுவிட்டேன். அந்தப் பாதியை நம்பி என் பழைய மாணவன் ஒருவன் ஒரு விவசாயியின் தோட்டத்தில் சோலார் வேலை செய்தான். வேலை சரியாக அமையவில்லை. அதற்குக் காரணம் நான்தான் என்று அந்தத் தோட்டத்தில் நிற்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டு, பழி அவன் தலையில் விழ விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

இதுதான் என் குற்றம். முன்பாதி சோம்பல், பின்பாதி கோழைத்தனம். முன்னது இல்லாமல் பின்னது வந்திருக்காது என்பதால் இரண்டையும் முழுதாகச் சொல்லியாக வேண்டும்.

அந்தத் தேற்றத்தை வகுப்பில் எல்லோரும் மேக்ஸிமம் பவர் டிரான்ஸ்ஃபர் தியரம் என்போம். பேட்டரியோ ஜெனரேட்டரோ, எந்த மின்மூலமானாலும் அதற்குள் கொஞ்சம் மின்தடை இருக்கும். வெளியே ஒரு லோடு மாட்டுகிறோம். அந்த லோடுக்கு அதிகபட்ச மின்திறன் எப்போது போய்ச் சேரும்? லோடின் மின்தடையும் மூலத்தின் உள்மின்தடையும் சமமாகும்போது. இவ்வளவுதான் தேற்றம்.

கரும்பலகையில் நான் வழக்கமாகப் போடும் கணக்கு இது. 12 வோல்ட் மூலம், உள்மின்தடை 1 ஓம். லோடு அரை ஓம் என்றால் 8 ஆம்பியர் ஓடும், லோடுக்கு 32 வாட் கிடைக்கும். லோடு 1 ஓம் என்றால் 6 ஆம்பியர், 36 வாட். லோடு 2 ஓம் என்றால் 4 ஆம்பியர், மறுபடியும் 32 வாட். ஆக உச்சம் 1 ஓமில் இருக்கிறது. பிறகு பொதுச் சமன்பாட்டை எழுதி, வகையிட்டு, பூஜ்ஜியத்துக்குச் சமப்படுத்தி நிரூபிப்பேன். பக்கத்தில் ஏறி இறங்கும் வளைவு ஒன்றை வரைந்து உச்சியில் ஒரு புள்ளி வைப்பேன். லோடின் வோல்ட் மூலத்தின் வோல்ட்டில் சரிபாதி என்று அடியில் எழுதிக் கட்டம் கட்டுவேன். இரண்டு மார்க் கேள்விக்கு வரையறை, பெரிய கேள்விக்கு ஒரு கணக்கு. என் பாடத்தில் ஃபெயில் ஆகிறவர்கள் குறைவு. கல்லூரியில் அந்தப் பெயர் எனக்கு இருந்தது, அதில் பெருமையும் இருந்தது.

வரையறையில் இரண்டு சொற்களைக் கண்டிப்பாக எழுத வேண்டும் என்பேன்: லீனியர், பைலேட்டரல். வோல்ட் கூடினால் அதே விகிதத்தில் ஆம்பியரும் கூட வேண்டும். மின்னோட்டம் எந்தப் பக்கம் போனாலும் சுற்று ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும். அப்படிப்பட்ட சுற்றுக்குத்தான் தேற்றம் அந்த வடிவத்தில் பொருந்தும். இந்த இரண்டு சொல்லை விட்டவர்களுக்கு அரை மார்க் குறைப்பேன். ஆனால் அந்தச் சொற்கள் எந்தச் சாமானை உள்ளே விடுகின்றன, எதை வெளியே நிறுத்துகின்றன என்று ஒரு நாளும் காட்டியதில்லை. பிள்ளைகளுக்கு அவை மார்க் வாங்கித் தரும் சொற்களாகவே இருந்தன. எனக்கும் அப்படியே ஆகிப்போயிருந்தன என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு வருடம் முன்பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்து கேட்டாள்: "சார், லோடுல 36 வாட்டுன்னா உள்ள இருக்கிற ஒரு ஓம்லயும் அதே 36 வாட்டு போகுதே. பாதி சூடாகி வீணாப் போறத எதுக்கு சார் மேக்ஸிமம்னு சொல்றோம்? கரண்ட் ஆபீஸ்லயும் இப்பிடித்தான் பாதி வீணாகுமா?"

அந்தப் பாடத்தில் கேட்கத்தக்க மிகச் சிறந்த கேள்வி அது. "அது இந்த யூனிட்ல இல்லம்மா, உக்காரு" என்றேன். உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு அவள் என் வகுப்பில் கேள்வி கேட்டதாக நினைவில்லை.

அன்று சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

அதிகபட்ச மின்திறன் வேறு, அதிகபட்சப் பயன்திறன் வேறு. என் கணக்கிலேயே லோடை 9 ஓம் ஆக்கினால் 1.2 ஆம்பியர்தான் ஓடும். லோடுக்குக் கிடைப்பது 13 வாட்டுக்குள். ஆனால் மூலம் கொடுப்பதில் 90 சதவீதம் லோடுக்குப் போகும். 1 ஓமில் 36 வாட் கிடைத்தாலும் போய்ச் சேர்வது 50 சதவீதம். எது வேண்டும் என்பது எதற்காகச் செய்கிறோம் என்பதைப் பொறுத்தது. இன்னொன்று, தேற்றம் பேசுவது லோடைத் தேர்ந்தெடுப்பது பற்றி மட்டும். உள்மின்தடை ஏற்கெனவே இருக்கிறது, அதை மாற்ற வழியில்லை, லோடு மட்டும் நம் கையில் என்றால்தான் சமப்படுத்த வேண்டும். லோடு 1 ஓம் என்று நிலைத்துவிட்டு, உள்மின்தடை நம் கையில் இருந்தால்? அதைக் குறைத்துக்கொண்டே போக வேண்டியதுதான். பூஜ்ஜியத்தை நெருங்கினால் லோடுக்கு 144 வாட் வரை போகும். 36 எங்கே, 144 எங்கே?

இதில் பெரிய ஆட்களே சறுக்கியிருக்கிறார்கள். ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1830களின் முடிவில் நேவா ஆற்றில் மின்மோட்டார் வைத்துப் படகு ஓட்டிக் காட்டிய மோரிட்ஸ் யாக்கோபியின் பெயரால் இந்த விதியை யாக்கோபி விதி என்றும் சொல்வார்கள். அதன்பின் பல்லாண்டுகள், மின்சாரத்தால் வேலை வாங்கினால் பாதிக்கு மேல் கிடைக்கவே கிடைக்காது என்று படித்தவர்களே நம்பினார்கள். 1880ஐ ஒட்டி எடிசனும் அவரிடம் இருந்த கணித வல்லுநர் ஃபிரான்சிஸ் அப்டனும் டைனமோவின் உள்மின்தடையை லோடைவிட மிகவும் குறைவாக வைத்து அந்த நம்பிக்கையை உடைத்தார்கள். அதனால்தான் 1882ல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் மின்நிலையம் வைத்து வீடுகளுக்கு வெளிச்சம் விற்க முடிந்தது.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். திருப்பரங்குன்றம் போகிற வழியில், பழங்காநத்தம் தாண்டிப் பசுமலைக்கு முன்னால் பைக்காரா என்றொரு பஸ் நிறுத்தம் இருக்கிறது. நீலகிரியில் 1932ல் தொடங்கிய பைக்காரா நீர்மின் நிலையத்தின் மின்சாரம் மதுரைக்கு வந்து இறங்கிய இடம் என்பதால் வந்த பெயர். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கம்பி வழியாக வருகிற மின்சாரம். என் கரும்பலகைத் தேற்றப்படி மதுரையின் லோடை வழியிலுள்ள மின்தடைக்குச் சமப்படுத்தியிருந்தால் பாதி மின்சாரம் கம்பியிலேயே வெந்து தீர்ந்திருக்கும். அதனால் மின்வாரியத்தில் யாரும் சமப்படுத்துவதில்லை. அழுத்தத்தை உயர்த்தி, மின்னோட்டத்தைக் குறைத்து, கம்பியில் போகும் இழப்பைச் சிறிதாக்குவதுதான் அங்கே வேலை. என் மாணவர்களில் பாதிப் பேர் அந்த நிறுத்தத்தைக் கடந்துதான் தினமும் கல்லூரிக்கு வருகிறார்கள். ஒரே ஒரு நாள் அந்தப் பெயரைச் சொல்லிப் பாடம் எடுத்திருந்தால் போதும்.

சமப்படுத்தியே ஆக வேண்டிய இடமும் இந்த ஊரில் இருந்தது. கேபிள் வருவதற்கு முன் மதுரை மொட்டைமாடிகளில் டிவி ஆன்டெனாக்கள் கொடைக்கானல் கோபுரத்தைப் பார்த்து வடமேற்கே திரும்பி நிற்கும். ஆன்டெனாவிலிருந்து இறங்கும் தட்டை வயர் 300 ஓம். டிவியின் சாக்கெட் 75 ஓம் என்றால் நடுவே பலூன் என்று ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மரை மாட்டுவார்கள். இல்லாவிட்டால் படம் புள்ளியடிக்கும், நிழல் விழும். காற்றில் வருவதோ மிகச் சன்னமான சிக்னல். அதில் பாதி வீணாவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கிடைக்கக்கூடியதில் உச்சத்தை எடுத்துவிட வேண்டும். ஆக ஒரே தேற்றம் ஆன்டெனாவுக்குக் கட்டளை, மின்வாரியத்துக்கு எச்சரிக்கை. இந்த வேறுபாட்டைச் சொல்ல ஒரு பீரியடு போதும். அந்த ஒரு பீரியடை நான் தரவில்லை.

இனி இரண்டாவது பாதி.

அந்த மாணவன் சுமாராகப் படித்தவன், கைவேலையில் கெட்டிக்காரன். படித்து முடித்ததும் திருமங்கலம் பக்கம் சொந்தமாகச் சோலார் மாட்டிக் கொடுக்க ஆரம்பித்தான். ஒரு மல்லிகைத் தோட்டத்துக்காரர் அவனைக் கூப்பிட்டார். இலவச மின்இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தவர். மல்லிகை மொட்டு விரிவதற்கு முன் பறித்தாக வேண்டும். விடிவதற்கு முன்பே நெற்றியில் விளக்கு கட்டிக்கொண்டு பெண்கள் செடிகளுக்குள் குனிந்து நிற்பார்கள். பூ மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் காலையிலேயே போய்விட வேண்டும். 2013ல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்குப் பின்னால் இந்த இருட்டு வேலை இருக்கிறது. தோட்டத்துக்கு விளக்கு, சொட்டுநீருக்கு ஒரு சின்ன மோட்டார், இரண்டும் பேட்டரியில் ஓட வேண்டும் என்று கேட்டிருக்கிறார். 250 வாட் பேனல் நான்கு, டியூபுலர் பேட்டரி நான்கு என்று முடிவாகியிருந்தது.

விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மதியத்தில் அவன் போன் வந்தது.

"சார், பேனல் ஓப்பன் சர்க்யூட்ல முப்பத்தேழரை வோல்ட் காட்டுது. கன்ட்ரோலர் பன்னெண்டுக்கும் செட் ஆகும், இருபத்திநாலுக்கும் செட் ஆகும். பேட்டரிய எதுல கட்டட்டும்?"

"மேக்ஸிமம் பவர் டிரான்ஸ்ஃபர் படிச்சேல்ல? லோடு வோல்ட் எவ்வளவு இருந்தா மேக்ஸிமம்?"

"பாதி சார்."

"முப்பத்தேழரைல பாதி?"

"பதினெட்டே முக்கால்."

"பன்னெண்டு வோல்ட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது பதினாலு கிட்ட இருக்கும். இருபத்திநாலுன்னா இருபத்தெட்டு கிட்ட. பதினெட்டே முக்காலுக்கு எது பக்கம்?"

"பதினாலு சார். ஆனா கடைக்காரர் இருபத்திநாலுதான்னு சொன்னாரு."

"கடைக்காரருக்கு தெவெனின் தெரியுமா?"

சிரித்தான். நானும் சிரித்தேன். பிரெஞ்சுத் தந்தித் துறைப் பொறியாளர் தெவெனின் 1883ல் வெளியிட்ட தேற்றத்தின் பெயரை, அனுபவத்தில் சரியாகச் சொன்ன ஒரு கடைக்காரரை மட்டம் தட்டுவதற்காக இழுத்தேன். சோலார் பேனல் லீனியர் இல்லை. அரை மார்க் குறைத்தேனே, அதே சொல். அதை மறந்த எனக்கு யார் மார்க் குறைப்பது?

பேனலின் போக்கே வேறு. வோல்ட்டை பூஜ்ஜியத்திலிருந்து ஏற்றிக்கொண்டே போனால் ஆம்பியர் ஏறக்குறைய அப்படியே நிற்கும். முக்கால் வழிக்கும் மேலே போனபின் திடீரென்று சரியும். அந்தச் சரிவின் தோள்பட்டையில்தான் உச்சத் திறன் இருக்கிறது. அந்த 250 வாட் பேனலில் அது 30.5 வோல்ட், 8.2 ஆம்பியர். பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் அச்சடித்தே இருக்கும். பாதி வோல்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. இவன் வாங்கியிருந்தது விலை குறைந்த பிடபிள்யூஎம் வகைக் கன்ட்ரோலர். அது பேனலையும் பேட்டரியையும் ஏறக்குறைய நேராகக் கோத்துவிடும். பேட்டரி நிரம்பும் நேரத்தில் மட்டும் விட்டுவிட்டு வெட்டும். அதனால் பேனலின் வோல்ட் பேட்டரியின் வோல்ட்டுக்கு இறங்கி உட்கார்ந்துவிடும். 14 வோல்ட்டில் 8.7 ஆம்பியர் என்றால் 122 வாட். 24 வோல்ட்டில் கட்டியிருந்தால் 27 வோல்ட்டில் 230 வாட் பக்கம் வந்திருக்கும். மதுரை வெயிலில் பேனல் சூடேறி வோல்ட் இறங்கும், அதைக் கழித்தாலும் 200 வாட் அளவுக்கு வரும். ஸ்டிக்கரைப் படித்துச் சொல் என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். நான் கேட்டது தேற்றத்தை.

சில வாரங்கள் கழித்து மறுபடி கூப்பிட்டான். "சார், பேட்டரி நிறையவே மாட்டேங்குது. ஒருதடவ வந்து பாக்குறீங்களா?" போனேன். உச்சிவேளை, மேகமே இல்லாத வானம். கிணற்றடிக் கொட்டகையில் தோட்டத்துக்காரரும் அவர் வீட்டு ஆட்களும் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் சிலரும் நின்றார்கள். "ஆயிரம் வாட்டுன்னு சொன்னாக சார். மோட்டார் அரை மணி நேரம் ஓடுனா விடியக்காலம் வெளக்கு மங்குது. அம்புட்டுக் காச போட்டுருக்கேன்" என்றார் அவர்.

நான்கு பேனலின் வயரும் ஒன்றாகச் சேர்ந்து கன்ட்ரோலருக்குப் போகும் இடத்தில் அவன் கிளாம்ப் மீட்டரைப் போட்டான். 35 ஆம்பியர். "ஆம்பியர் கரெக்டா வருது சார், ஒரு பேனலுக்கு எட்டே முக்கால். அதான் எனக்குப் புரியல" என்றான். மீட்டரின் முனைகளை பேட்டரி டெர்மினலில் வைத்தான். 13.6. மனதுக்குள் பெருக்கினேன்: 476 வாட். ஆயிரத்தில் பாதிகூட இல்லை. ஆம்பியரில் குறையே இல்லை, வோல்ட்டில்தான் பாதிக்கு மேல் போயிருக்கிறது. ஒரு பேனலுக்குக் கீழே குனிந்து ஸ்டிக்கரைப் பார்த்தேன். 30.5. அந்த எண்ணைப் பார்த்த மாத்திரத்தில் போனில் நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நினைவுக்கு வந்தது.

நிமிர்ந்தேன். எல்லோரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலேஜ் வாத்தியார் வந்திருக்கிறார், சொல்லுவார் என்று. நான் சொன்னது இது:

"பேனல்ல ஏதோ தரம் கொறச்சலா இருக்கும் தம்பி. வாங்கும்போதே டெஸ்ட் பண்ணி வாங்கியிருக்கணும்."

பொய். அதுவும் ஒருவனைக் குறிவைத்துச் சொன்ன பொய். பேனலை வாங்கியவன் அவன்; ஆக, குற்றம் அவனுடையது என்று அத்தனை பேருக்கும் விளங்கும்படி சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மீட்டரின் வயரைச் சுருட்டிப் பைக்குள் வைத்தான். தோட்டத்துக்காரர் எனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்தேன். அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். யோசிக்க நேரமில்லாமல் வாய் தவறி வந்தது என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மையில்லை. பெருக்கிப் பார்க்க நேரம் இருந்தது, ஸ்டிக்கரைப் படிக்க நேரம் இருந்தது, உண்மையைச் சொன்னால் என் பெயர் என்னவாகும் என்று கணக்குப் போடவும் நேரம் இருந்தது. நான் சொல்லிக்கொடுத்த தேற்றத்தில் நானே தோற்றுவிட்டேன் என்று அந்தக் கொட்டகையில் சொல்ல எனக்குத் தெம்பில்லை. எதிர்த்துப் பேச மாட்டான் என்று எனக்குத் தெரியும். அந்த மரியாதையைத்தான் நான் பயன்படுத்திக்கொண்டேன்.

விளைவை அவன் சுமந்தான். பேனல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்திருக்கிறான். எதிலும் குறையில்லை. பிறகு கைக்காசைப் போட்டு எம்பிபிடி வகைக் கன்ட்ரோலர் வாங்கி மாட்டியிருக்கிறான். தோட்டத்துக்காரர் பாக்கிப் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவனுக்கு அதற்குமேல் வேலை வரவில்லை. கொஞ்ச நாளில் தொழிலை விட்டுவிட்டு மாதச் சம்பளத்துக்குப் போனான். எல்லாவற்றுக்கும் நான் ஒருவனே காரணம் என்று சொல்ல மாட்டேன், முதல் போடக் காசில்லாத தொழில் அது. ஆனால் கொட்டகையில் நின்ற பக்கத்துத் தோட்டத்துக்காரர்களில் ஒருவராவது அவனை அழைத்திருப்பார். அந்த வாசலை அடைத்தது என் வாய்.

அவன் மாட்டிய அந்தக் கன்ட்ரோலர் என்ன செய்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், என் தேற்றத்தின் மறுபாதி அதற்குள்தான் இருக்கிறது. பேனலின் உச்சப்புள்ளி நிலையாக நிற்பதில்லை. வெயில் பாதியானால் ஆம்பியர் பாதியாகும், வோல்ட் சிறிதளவே குறையும். முழு வெயிலுக்குப் பொருத்தமான லோடு அந்தப் பேனலுக்கு 3.7 ஓம். அதே லோடை அப்படியே வைத்திருந்தால் அரை வெயிலில் 16 வோல்ட்டுக்கு விழுந்து 70 வாட் அளவுதான் கிடைக்கும். எடுக்கத் தெரிந்தவனுக்கு அப்போதும் அங்கே 120 வாட் இருக்கிறது. லோடு 7 ஓமுக்கு மேலே போக வேண்டும். காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, மேகம் கடக்கும்போது வேறொன்று. எம்பிபிடி கன்ட்ரோலர் வோல்ட்டைச் சிறிது நகர்த்திப் பார்க்கும். திறன் கூடினால் அதே திசையில் இன்னொரு அடி வைக்கும், குறைந்தால் திரும்பும். இப்படி நாள் முழுக்க உச்சியைத் தேடியபடியே இருந்து, கிடைத்ததை வோல்ட்டைக் குறைத்து ஆம்பியரைக் கூட்டிப் பேட்டரிக்கு மாற்றித் தரும். அந்தத் தோட்டத்தில் 35 ஆம்பியர் போய்க்கொண்டிருந்த இடத்தில் நல்ல வெயிலில் 60 ஆம்பியர் வரை போக ஆரம்பித்தது இதனால்தான்.

மதுரைக்குத் தென்கிழக்கே, ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் வந்தது. ஏறக்குறைய 2,500 ஏக்கர், 25 லட்சம் பேனல்கள். அங்குள்ள இன்வெர்ட்டர்கள் ஒவ்வொன்றும் இதே தேடலைத்தான் பகல் முழுவதும் செய்கின்றன. நம் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு வேலை தரும் தொழில் இது. அவர்கள் படித்த பாடங்களில் இதற்கு மிக நெருங்கியது எதுவோ, அதை நான் ஓமுக்கு ஓம் சமம் என்ற ஒற்றை வரியோடு நிறுத்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அவனிடம் உண்மையைச் சொல்ல நான் காலம் தாழ்த்தியதுதான் இதில் கடைசிக் குற்றம். போனில் சொல்லலாம் என்று எடுப்பேன், வைத்துவிடுவேன். ஒரு வழியாக அவன் வீட்டுக்கே போனேன். பன்னிரண்டு வோல்ட் என்று சொன்னது தப்பு, அது அன்றைக்கே எனக்குத் தெரியும், தெரிந்தும் பேனலைக் குறை சொன்னேன் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான்.

"எனக்கும் அந்த வாரமே தெரிஞ்சுபோச்சு சார். ஸ்டிக்கர்ல போட்டுருக்கே. சார்னு கூப்புட்டவங்கள எப்பிடி சார் போய்க் கேக்குறது? நானும் ஒழுங்காப் படிச்சுப் பாத்திருக்கணும்."

கடைசி வாக்கியம்தான் என்னை அதிகம் சுட்டது. படித்துப் பார்க்க வேண்டும் என்று அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தர வேண்டியவன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

கன்ட்ரோலருக்கு அவன் போட்ட பணத்தையும் தோட்டத்துக்காரர் பிடித்துக்கொண்ட தொகையையும் கொடுத்தேன். வாங்க மறுத்தான், அவன் அம்மாவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். பிறகு அவனைக் கூட்டிக்கொண்டு அதே தோட்டத்துக்குப் போய், தோட்டத்துக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னை வையவில்லை. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல வாத்தியாரே, இந்தத் தம்பிய நான் என்னென்னமோ பேசிட்டேனே" என்றார். அந்தப் பேச்சை நான் எந்தப் பணத்தாலும் திருப்பி வாங்க முடியாது.

இப்போது தேற்றத்தை நடத்தும்போது வளைவு வரைவதற்கு முன் மூன்று கேள்விகளைப் பலகையில் எழுதுகிறேன். இதில் மாற்ற முடியாதது எது? நம் கையில் இருப்பது எது? வீணாவதற்கு யார் காசு கொடுக்கிறார்கள்? ஆன்டெனா, பைக்காரா, பேனல் மூன்றுக்கும் இந்தக் கேள்விகளைப் போட்டுப் பதில் எடுத்த பிறகுதான் சமன்பாட்டுக்குப் போகிறேன். பழைய பேனல் ஒன்றை வகுப்புக்கு வெளியே வெயிலில் வைத்து, வேறு வேறு லோடு மாட்டி, வோல்ட்டையும் ஆம்பியரையும் பிள்ளைகளே அளந்து வளைவை வரைகிறார்கள். கரும்பலகை வளைவும் அதுவும் ஒன்றுபோல இல்லை என்பதைக் கண்ணால் பார்க்கிறார்கள். லீனியர் என்ற சொல்லுக்கு அங்கேதான் பொருள் கிடைக்கிறது. இதற்குப் பாடத்திட்டத்தில் தனியாக இடமில்லை, மார்க்கும் இல்லை. எடுத்த எடுப்பில் ஒரு பீரியடு போகிறது. போகட்டும்.

ஆசிரியர்களாக இருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இது யூனிட்டில் இல்லை என்று ஒரு பிள்ளையை உட்காரவைக்கும்போது, அந்தக் கேள்வி அத்தோடு போய்விடுவதில்லை. எங்கோ ஒரு தோட்டத்தில், எவனோ ஒருவன் கைக்காசு போட்டு அதற்குப் பதில் எழுத வேண்டியிருக்கும்.

அந்தக் கொட்டகையில் நின்றவர்களில் சிலரை நான் மறுபடி பார்க்க முடியவில்லை. அவர்களில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்: பேனலில் குறையில்லை, அந்தத் தம்பி செய்த வேலையிலும் குறையில்லை. பன்னிரண்டு வோல்ட் என்று சொன்னவன் நான். தெரிந்தே மறைத்தவனும் நான்.